விலை எழுதாத பனிக்கோடரி

ஜெரால்டீன்
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள கிளெனிஸுக்கு,

லாயிட்டின் சாமான்கள் வியாழக்கிழமை லாரியில் வந்து சேர்ந்தன. ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் தொலையவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உன் இருமல் விட்டதா? நெல்சன் ஊர் வெயிலில் எல்லாம் சரியாகிவிடும் என்று உன் அக்கா சொல்லித்தான் உன்னை அழைத்துப்போனாள். அவள் வாக்கு பலிக்கட்டும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. மே மாதக் கடைசியில், குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில், என் தம்பி மலைக்குப் போனான், இன்னும் வரவில்லை. அவன் கார் சாலை முடிகிற இடத்தில் நின்றது. தேடினார்கள், பனி கொட்டியது, தேடுவதை நிறுத்தினார்கள். உன் செலவு நிற்கவில்லை. அதனால்தான் சாமான்களை அனுப்பச் சொன்னேன்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். கூடாரம் அறுபது டாலருக்குப் போகும். மலைக்கிளி கொத்திய ஓட்டை இரண்டு இருக்கிறது, நான் தைத்துவிடுவேன். பெரிய முதுகுப்பை நாற்பது. எண்ணெய்த்துணி மழைக்கோட்டு இருபத்தைந்து. பித்தளை அடுப்பு இப்போதைக்குப் பதினைந்து, வாயைச் சுத்தம் செய்து எரியவைத்துக் காட்டினால் இருபது. பழைய மலைச்சாமான் விற்றுக் கொடுத்தால் ஊராரிடம் மூன்றில் ஒரு பங்கு எடுப்பேன். உன்னிடம் பத்தில் ஒன்று. சும்மா செய்கிறேன் என்றால் நீ மீதியை அனுப்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

அந்த மீதி எங்கே? அவனுடைய இரண்டாவது ஜோடி பூட்ஸும், குளிருக்குப் புகுந்து படுக்கிற தூக்கப்பையும் வரவில்லையே. செப்டம்பரில் வசந்தம் பிறந்து வெயில் அடிக்கிற முதல் சனிக்கிழமை தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரைதான் என் வியாபாரம். ஆடுகள் குட்டி போட்டதும் ஊரில் எல்லோருக்கும் மலை ஞாபகம் வந்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் பாதி விலை. லாயிட் வந்து நின்றால் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும். என் கடையில்தான் வாங்குவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தோல்


நெல்சன்
25 ஆகஸ்ட்

அன்புள்ள அத்தோல்,

உங்கள் கடிதமும் விலைப்பட்டியலும் கண்டேன். இருமல் பாதி போய்விட்டது. மெர்ல் அக்கா நேரத்துக்கு ஒரு கஷாயம் கொடுக்கிறாள், அதற்குப் பயந்தே மீதியும் போய்விடும். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை கட்டுங்கள். கட்டமாட்டீர்கள்.

பூட்ஸும் தூக்கப்பையும் வராது. அவர் வாசலில் வந்து நின்றால் எடுத்து முகத்தில் விட்டெறிய ஏதாவது கையில் இருக்கவேண்டாமா?

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஊர் பேசுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் குடிலில் அவரோடு தேநீர் குடித்தேன் என்று ஒருவர் போலீஸில் சொன்னார் இல்லையா? அங்கிருந்து இறங்கினால் மேற்குக் கரைதான். அந்தக் கரையிலுள்ள ஹோகிடிகாவில் அவரைப்போல ஒருவரை ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு லாரிக்காரரும் சொன்னார். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் எங்களுக்குள் சண்டை.

"இருபது வருஷமா கேக்குறேன். ஒரே ஒரு வசந்தத்துக்கு எங்கூட மேல வா"ன்னார்.

"பூவப் பாக்குறதுக்குக் கால ஒடிச்சுக்கணுமா? கடையில ஒரு டாலருக்கு ஒரு கட்டு குடுக்கிறான்"னேன்.

"ஒரு நாளைக்கு நான் அந்தப் பக்கமா எறங்கி நடந்துட்டே இருக்கப்போறேன், பாத்துக்கோ."

"தாராளமாப் போங்க. கரையில எவளாவது காத்துக்கிட்டு இருப்பா!"

போய்விட்டார். எவளோ ஒருத்தி அவருக்கு ஆட்டுக்கறி வறுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தினமும் காலையில் எழுந்ததும் அவரை ஏசுகிறேன், அப்புறம்தான் பல் துலக்குகிறேன். என்னை விட்டு ஓடியவராகவே அவர் இருந்துவிட்டுப் போகட்டும், அத்தோல். எங்கேயோ இருக்கட்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கூடாரத்தை அறுபதுக்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.

கிளெனிஸ்


ஜெரால்டீன்
16 செப்டம்பர்

அன்புள்ள கிளெனிஸ்,

கூடாரம் போய்விட்டது. ஐம்பத்தெட்டு. கோபிக்காதே, கேள்.

உடம்பு பரவாயில்லை. உன் கம்பளிப் பட்டையைக் கட்டியிருக்கிறேன், ஆகவே வாயை மூடு.

நேற்று முதல் நல்ல வெயில். கடைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் கூடாரங்களை எல்லாம் அடித்து நிறுத்தினேன். வேலியோரத்துக் கோவாய் மரம் பூத்துத் தொங்குகிறது. தேன் குடிக்க வந்த பறவைகள் மஞ்சள் பூவைக் கூடாரத்து மேலெல்லாம் உதிர்த்துவிட்டுப் போயின. அதுவே விளம்பரம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு மாணவனும் அவன் பெண்ணும் வந்தார்கள். நான் எப்போதும்போல ரப்பர் குழாயை எடுத்துக் கூடாரத்து மேல் தண்ணீர் பீய்ச்சி, இரண்டு பேரையும் உள்ளே போய் உட்காரச் சொன்னேன்.

"ஒழுகலியே, அப்புறம் ஏன் விக்குறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"சீட்டுல எழுதியிருக்கேனே, படிக்கத் தெரியாதா?"

எந்தப் பொருளானாலும் யாருடையது, எங்கெல்லாம் போனது, ஏன் விற்பனைக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். மறைத்து விற்றால் ஒரு தடவைதான் விற்கலாம். சீட்டில், 'என் தம்பியுடையது. மலைக்குப் போனவன் திரும்பவில்லை. போனபோது இதை எடுத்துப்போகவில்லை' என்று எழுதியிருந்தேன். பையன் படித்தான். முகம் சுருங்கிவிட்டது.

"ராசியில்லாத கூடாரமா இருக்கே. அம்பதுக்குக் குடுங்க பெரியவரே."

"இது வீட்டுல பத்திரமாத் தூங்கிட்டு இருந்த கூடாரம்டா. இதவிட ராசியானது கெடைக்குமா? அறுபது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்தவளுக்காக இரண்டு குறைத்தேன். மழைக்கோட்டு இருபத்தைந்துக்கே போனது. என் பங்கு போக மீதிக்குக் காசோலை வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். அவனை ஏசு. நன்றாக ஏசு. இங்கே நானும் ஏசுகிறேன், எனக்காகவும் சேர்த்து நீ ஒரு வார்த்தை போடு.

அத்தோல்


நெல்சன்
30 செப்டம்பர்

அன்புள்ள அத்தோல்,

காசோலை கிடைத்தது. எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு டாலரை அந்தச் சிரிப்பு தின்றது, உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆப்பிள் தோட்டமெல்லாம் பூ. நடக்கும்போது தலையில் விழுகிறது. வீட்டில் உட்கார்ந்தால் அக்கா பேசிக்கொண்டே இருக்கிறாள் என்பதற்காக நானும் நடக்கிறேன். சென்ற வாரம் கடைத்தெருவில் எனக்கு முன்னால் ஒருவர் போனார். அதே நடை, இடது தோள் சற்று இறங்கி. பின்னாலேயே போனேன். இறைச்சிக் கடைக்குள் நுழைந்தார், நானும் நுழைந்தேன். திரும்பினார். மீசை வைத்த ஒரு கிழவர்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

கண்ணில் பட்டதைக் காட்டினேன். ஒரு கிலோ ஈரல் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் ஈரல் யாருக்கும் பிடிக்காது. மூன்று நாள் தின்றோம். அதற்கும் சேர்த்து அவரை ஏசினேன், உங்கள் பங்கையும் போட்டுவிட்டேன்.

முதுகுப்பை போனதா?

கிளெனிஸ்


ஜெரால்டீன்
21 அக்டோபர்

அன்புள்ள கிளெனிஸ்,

நலம். நீயும் நலமாக இரு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடையில் கூட்டம்.

முதுகுப்பை முப்பத்தெட்டுக்குப் போனது. அடுப்பு இருபது, சொன்னேனல்லவா. இங்கே வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல அடிக்கிறது, மலையில் பனி மளமளவென்று இறங்குகிறது, ஆறெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. நானும் நான்கு முதுகுப்பை வாங்கினேன், பன்னிரண்டு பன்னிரண்டு டாலர். ராவிரி என்று ஒரு மான் வேட்டைக்காரன் அடிக்கடி வருவான். அவன் ஒரு பனிக்கோடரி கொண்டுவந்தான், வாங்கிப் போட்டேன். தபால்காரர் வாத்துக்கு எட்டுக் குஞ்சு.

வேறு விசேஷமில்லை. காசோலை வைத்திருக்கிறேன்.

அத்தோல்


நெல்சன்
28 அக்டோபர்

அன்புள்ள அத்தோல்,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் என்னவோபோல இருந்தது. எப்போதும் என்னை இரண்டு இடத்திலாவது கிண்டல் செய்வீர்கள், இந்தத் தடவை வாத்துக்குஞ்சை எண்ணியிருக்கிறீர்கள். உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுதுங்கள்.

அது யாருடைய கோடரி?

கிளெனிஸ்


ஜெரால்டீன்
4 நவம்பர்

அன்புள்ள கிளெனிஸ்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அக்காவுக்கு என் வணக்கம்.

போன ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரை வரை போய்வந்தேன். வில்லோ மரங்களெல்லாம் பச்சை. ஆட்டுக்குட்டிகள் அதற்குள் நாய் அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஒரு குடும்பம் கரையில் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அடுப்பு போன வருஷம் நான் விற்றது, எட்டு டாலர். எனக்கும் தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நல்ல நாள்.

தூக்கப்பையும் பூட்ஸும் நீயே வைத்துக்கொள். இனிமேல் கேட்கமாட்டேன்.

அத்தோல்


நெல்சன்
13 நவம்பர்

அத்தோல்,

சுகம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமையில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் செய்தேன். எடுத்தீர்கள். "ஆளுங்க நிக்கிறாங்க கிளெனிஸ், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் கடையில் ஆள் நின்றால் இரண்டு தெருவுக்குச் சத்தம் கேட்கும். அன்று உங்கள் பின்னால் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

இருபது வருஷமாக உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன். எங்கள் கல்யாண வாழ்த்திலேயே நீங்கள் கொடுத்த போர்வையின் விலையை எழுதியிருந்தீர்கள். ஆற்றங்கரையில் எவனோ கொதிக்கவைத்த அடுப்பின் விலையைக்கூட எழுதினீர்கள். ஒரு பொருளை வாங்கினேன் என்று சொல்லி விலையைச் சொல்லாமல் விட்டது அந்தக் கோடரி ஒன்றுதான். கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. பூட்ஸை நானே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். வியாபாரி எப்போது அப்படிச் சொல்வான்?

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வெறும் விலையை எழுதினால் அது எவனுடைய கோடரியோ, நான் வேறெதுவும் கேட்கமாட்டேன், முன்போலவே இருந்துவிடுவேன்.

கிளெனிஸ்


ஜெரால்டீன்
18 நவம்பர்

அன்புள்ள கிளெனிஸ்,

இருபது டாலர்.

அதோடு நிறுத்திவிட்டு உறையை ஒட்டலாம் என்று நீ எனக்கு வழி விட்டிருக்கிறாய். இரண்டு நாள் அந்த வழியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. அது லாயிட்டின் கோடரி. உன் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேலே படி.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை ராவிரி வந்தான். கோடரியைத் தடாலென்று மேசைமேல் போட்டான்.

"என்ன முதலாளி, இரும்பா எடை போடுவீங்களா, இல்ல மனுஷன் மாதிரி விலை சொல்வீங்களா?"

நான் எடுத்துத் திருப்பினேன். கைப்பிடியில் வெடிப்பு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பிக் கட்டு. அந்தக் கட்டைப் போட்டது நான். கம்பியைக் கடைசியில் உள்ளே மடக்கி அடிப்பேன், இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை.

"எங்கடா கெடச்சுது?"

"திருட்டுச் சாமான் இல்ல. செப்டம்பர்லயே கெடச்சுது. வழக்கப்படி பக்கத்துக் குடில் ஆணியில மாட்டிட்டு வந்தேன், தொலைச்சவன் வந்து எடுத்துக்கட்டும்னு. இப்பப் போனப்பவும் அப்படியே தொங்குது. ஆணிக்குத்தான் சொந்தம்போலன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

"எந்தக் குடில்?"

"லாமண்ட் கணவாய்க்குக் கீழ."

"அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். நம்ம பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பெருசு, அந்த மலையில நான் பதினஞ்சு வயசுலேருந்து சுத்துறேன். அந்தப் பக்கத்துலேருந்து கணவாயத் தாண்டி வந்தா, இறக்கத்துல, நம்ம பக்கத்துப் பள்ளத்துல. பாதி பனிக்குள்ள இருந்துச்சு. ஏன், யாரோடது?"

சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இருபது டாலரை நான் நீட்டினேன், வேண்டாம் என்றான். வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சட்டைப்பையில் திணித்தேன். வாங்காத பொருளுக்கு நான் எப்படிச் சீட்டு எழுதுவது?

அன்றைக்கே போலீஸில் சொன்னேன். அந்தப் பள்ளத்துக்கு மேல் சரிவில் பனி இன்னும் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது, உருகட்டும், அதற்கு முன் ஆளை அனுப்பினால் இன்னொருவரைத் தேடவேண்டி வரும் என்றார்கள். உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. நீ ஏசிக்கொண்டிருந்தாய். ஏசுகிறவள் சாப்பிடுவாள், நடப்பாள், ஈரல் வாங்கப் போவாள் என்று நினைத்தேன். பொய் சொல்லிச் சரக்கு விற்காதவன், இதில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நாளை மறுநாள் நாய்களோடு மேலே போகிறார்கள். ராவிரி வழி காட்டுகிறான்.

கிளெனிஸ், அவன் அந்தப் பக்கம் இறங்கி நடந்துகொண்டே இருக்கவில்லை. கோடரி கையில் இல்லாமல் பனியில் கணவாயைத் தாண்டியிருக்கமாட்டான். அந்தப் பக்கத்துக் குடிலில் தேநீர் குடித்தான், திரும்பிவிட்டான்.

அத்தோல்


நெல்சன்
9 டிசம்பர்

அன்புள்ள அத்தோல்,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கூட்டமில்லை. அடக்கம் முடிந்த அன்று உங்களுக்கு ஜுரம்போல இருந்ததே, இப்போது எப்படி?

உங்கள்மேல் கோபம் இருந்தது. பெட்டியைக் கீழே வைக்கும்போது உங்களைப் பார்த்தேன், அப்புறம் கோபம் இல்லை. எனக்கு நீங்கள் இன்னும் ஒரு மாதம் அவரை உயிரோடு வைத்திருந்தீர்கள். அவர் செத்ததை நீங்கள் மட்டும் அங்கே தனியாகச் சுமந்தீர்கள்.

"வீட்டுக்குத்தான்மா வந்துட்டு இருந்தாரு, அத நெனச்சு ஆறுதல் பட்டுக்கோங்க" என்றார் பாதிரியார். நல்ல மனுஷர், அவருக்குத் தெரியாது. என்னிடம் வந்துகொண்டிருந்தவரை நான் ஆறு மாதம் ஓடுகாலி என்று ஏசியிருக்கிறேன். பல் துலக்குவதற்கு முன்னால். இப்போது காலையில் எழுந்தால் வாய் தானாகத் திறக்கிறது, சொல்ல ஒன்றும் இல்லை.

அவரைக் கண்டெடுத்த அந்த இடத்தை நான் பார்க்கவேண்டும். உங்கள் ராவிரியிடம் கேளுங்கள். நான் வாழ்நாளில் மலை ஏறியதில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். வசந்தம் முடிந்துவிட்டது, இனி என்ன என்கிறாள் அக்கா. ஒரே ஒரு வசந்தத்துக்கு வா என்று இருபது வருஷம் கேட்டவருக்கு நான் ஒரு வாரம் பிந்தி வருகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேண்டும். இனாம் என்று சொன்னால் வேறு கடையில் வாங்கிக்கொள்வேன்.

கிளெனிஸ்


ஜெரால்டீன்
16 டிசம்பர்

அன்புள்ள கிளெனிஸ்,

ஜுரம் விட்டது. தினமும் ஒரு மணி நேரம் நட, படி ஏறி இறங்கு, அக்கா சமையலைக் குறைத்துச் சாப்பிடு.

கீழேதான் வசந்தம் முடிந்தது. மேலே ஒரு மாதம் பின்தங்கி வரும், இப்போதுதான் பனி விட்ட இடத்தில் பூ திறக்கிறது என்று ராவிரி சொல்கிறான். நேற்று அவனோடு பேசி முடித்தேன்.

"அந்தம்மா நடப்பாங்களா?" என்றான்.

"கடைத்தெரு வரைக்கும் நடப்பா."

"அப்ப மூணு நாள். நாளைக்கு நாப்பது."

"மூணு நாளைக்கு நூத்திருபதா? என்னையும் அவளையும் தோள்ல தூக்கிட்டா போகப்போற?"

"அவங்களத் தூக்கலாம். உங்களத் தூக்குறதா இருந்தா அறுபது."

கடைசியில் படிந்த ஏற்பாடு இது. பூட்ஸ், சிவிங்ஸ்டன் அம்மாள் ஒரே ஒரு தடவை போட்டு வலிக்கிறது என்று கொடுத்தது, உன் அளவு: பதினெட்டு டாலர். ராவிரிக்கு நாளொன்றுக்கு முப்பது, அதில் பாதி நீ, பாதி நான். சாப்பாடும் தேயிலையும் நம்முடையது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காலையில் கடை வாசலிலிருந்து கிளம்புகிறோம். அவன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆற்றுத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடவேண்டும், எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தாலும் சரி, யாரும் அவனோடு வாதாடக் கூடாது. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன்.

அத்தோல்